ஜூலை 4-ல யாருமே கையெழுத்துப் போடலையாமே? (நினைவுநாள் குளறுபடிகள்)

#1 கேள்விக்கணை

நியூஜெர்சியில சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில பெரிய பசங்களுக்கு வினாடி வினா நடத்துறது என் வேலை. 2026-ல அமெரிக்காவுக்கு 250 வயசு. பசங்க பிறந்து வளர்ந்த நாடு, அதைப் பத்தித் தமிழ்லயே பத்துக் கேள்வி கேட்போம்னு உட்கார்ந்தேன். முதல் கேள்வி: "அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நாள் எது?" விடை, 1776 ஜூலை 4. இதுல என்ன தப்பு வந்துடப் போகுதுன்னு நினைச்சேன்.

கடைசி வரிசையில ஒரு பொண்ணு, பன்னண்டு வயசு இருக்கும், கையைத் தூக்குச்சு. "அங்கிள், அன்னிக்கு யாரும் சைன் பண்ணல." மத்த பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சு மழுப்பிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா அது சொன்னதுதான் சரி மாதிரி இருக்கு.

அடுத்த மாசம் இதே பசங்க முன்னாடி திரும்ப நிக்கணும். இந்த மாதிரி "எல்லாருக்கும் தெரிஞ்ச" தேதிகள்ல வேற எங்கெல்லாம் கண்ணி வச்சிருக்குன்னு சொல்லுங்க. சரித்திரம், பாட்டு, டிவி, விளையாட்டு எதுவானாலும் சரி.

#2 குறுக்குச்சால்

பொண்ணு சொன்னது சரி. இன்னும் ஒரு படி கீழ இறங்கினா, பிரிட்டன்கிட்டேர்ந்து பிரியறதுன்னு முடிவெடுத்ததே ஜூலை 4 கிடையாது. வர்ஜீனியாவோட பிரதிநிதி ரிச்சர்ட் ஹென்றி லீ ஜூன் 7-ல காங்கிரஸ்ல (குடியேற்றங்களோட பிரதிநிதிகள் கூடின சபை) தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஓட்டுக்கு விட்டது ஜூலை 2. பன்னிரண்டு குடியேற்றங்கள் சரின்னு சொல்லிடுச்சு. நியூயார்க் மட்டும் ஊர்லேர்ந்து உத்தரவு வரலைன்னு ஒதுங்கிக்கிச்சு. கதை அன்னிக்கே முடிஞ்சது. 4-ஆம் தேதி நடந்தது, எடுத்த முடிவை உலகத்துக்குச் சொல்ற வாசகத்தைத் திருத்தி ஏத்துக்கிட்டது, அவ்வளவுதான்.

பின்னாடி அதிபரான ஜான் ஆடம்ஸ் ஜூலை 3-ல மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐத்தான் ஊர்வலம், விளையாட்டு, மணியோசை, பீரங்கி, சொக்கப்பனைன்னு கொண்டாடப் போகுதுன்னு அதுல இருக்கு. கொண்டாட்டத்துல ஒண்ணுகூடத் தப்பில்லை, தேதியிலதான் ரெண்டு நாள் பிசகிட்டார்.

ஏன் பிசகுச்சு? காகிதம். 4-ஆம் தேதி ராத்திரியே ஜான் டன்லப்னு ஒரு அச்சகக்காரர் சுமார் 200 தாள் அடிச்சார். தாளோட தலையில ஜூலை 4, 1776. ஊர் ஊரா போனது அந்தத் தாள். (இப்ப மிச்சம் இருக்கிறதா தெரிஞ்சது 26.) அப்புறம் அதைத் தோல்ல அழகா எழுதச் சொல்லி, பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. சிலர் அதுக்கும் பிறகு. நியூயார்க் ஜூலை 9-ல சம்மதிச்சதால தோல் பிரதியில "ஒருமனதாக"ங்கிற வார்த்தையும் ஏறிடுச்சு. ஆனா தலையில தேதி மட்டும் அதே ஜூலை 4.

#3 உப்புக்காற்று

கணை தம்பி, எம் பொண்ணுக்கு முதல் பல்லு விழுந்தப்ப பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு ரெண்டு டாலர் நோட்டு குடுத்தாங்க. செலவு பண்ணாம டைரிக்குள்ள வச்சிருக்கோம். உங்க பதிவைப் பார்த்துட்டு இப்பதான் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம், பிரகடனத்தை எழுதினவரும் பின்னாடி அதிபரானவருமான ஜெஃபர்சன். பின்பக்கம் ஜான் டிரம்புல் வரைஞ்ச ஓவியம். ஒரு மேசை, அதுக்கு முன்னாடி அஞ்சு பேர் நிக்கிறாங்க, உயரமா இருக்கிற ஜெஃபர்சன் தாள்களை மேசையில வைக்கிறார், அந்தப் பக்கம் சபைத் தலைவர் ஹான்காக் நாற்காலியில உட்கார்ந்திருக்கார். இத்தனை வருஷமா இதுதான் ஜூலை 4 கையெழுத்துக் காட்சின்னு நினைச்சிட்டிருந்தேன். உத்துப் பார்த்தா ஒருத்தரும் கையெழுத்துப் போடலை!

#4 குறுக்குச்சால்

அக்கா, அது ஜூன் 28. வரைவுக்குழு அஞ்சு பேரும் வரைவைக் கொண்டுவந்து சமர்ப்பிக்கிற காட்சி. அந்த ஓவியம் நோட்டுல ஏறினது 1976, இருநூறாவது ஆண்டுக்காக. வெளியிட்ட நாள் ஏப்ரல் 13, ஜெஃபர்சன் பிறந்தநாள். ஜனங்க புது நோட்டை எடுத்துக்கிட்டுத் தபால் ஆபீசுக்குப் போய், ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தி வாங்கி வச்சுக்கிட்டாங்க. அந்த மாதிரி முத்திரை இருக்கா பாருங்க.

#5 உப்புக்காற்று

முத்திரை இல்ல. பாட்டி கைமடிப்புதான் இருக்கு.

#6 கேள்விக்கணை

ஒரு நிமிஷம். ஜெஃபர்சனே பிற்காலத்துல ஜூலை 4-லதான் கையெழுத்தாச்சுன்னு எழுதியிருக்காராமே? அப்ப நான் அந்தப் பொண்ணுகிட்ட வாதாடலாம்ல?

#7 குறுக்குச்சால்

வாதாடுங்க, தோத்துப்போவீங்க. அவர் மட்டுமில்ல, ஆடம்ஸும் பிற்காலத்துல அப்படித்தான் சொன்னார். ஜூலை 2-தான் நாள்னு பொண்டாட்டிக்கு எழுதின அதே ஆடம்ஸ்! கொண்டாட்டம் வருஷா வருஷம் 4-ல நடந்தா, நேர்ல இருந்தவங்க ஞாபகமே அதுக்குத் தக்க மாறிடுது. ஆவணங்களைப் பார்க்கிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 2 பக்கம்தான்.

இதுல உச்சம் என்னன்னா, ரெண்டு பேரும் செத்ததே 1826 ஜூலை 4. சரியா ஐம்பதாவது ஆண்டு. ஜெஃபர்சன் முந்தின ராத்திரியே "நாலாம் தேதி ஆயிடுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தவர், மத்தியானம் போயிட்டார். ஆடம்ஸ் அதே நாள் சாயங்காலம். அஞ்சு வருஷம் கழிச்சு 1831-ல இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் ஜூலை 4-லயே போய்ச் சேர்ந்தார்.

#8 ஓய்வூதியர்_கோவை

நல்ல இழை. வினாத்தாளில் நிலவில் கால் வைத்த நாள் கட்டாயம் இருக்குமே, அதற்கு என்ன விடை போட்டிருக்கிறீர்கள்?

#9 கேள்விக்கணை

நாலாவது கேள்வி ஐயா. 1969 ஜூலை 20.

#10 ஓய்வூதியர்_கோவை

நினைத்தேன். எனக்கு அது ஜூலை 21, திங்கட்கிழமை காலை.

அப்போது எனக்கு 19 வயது. அந்த வார இறுதி எங்கள் வீட்டில் நிலவைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா ஒரு தனியார் பேங்கில் கேஷியர். 19-ஆம் தேதி சனிக்கிழமை இரவு இந்திரா அம்மையார் ரேடியோவில் பேசினார், 14 பேங்குகள் அரசுடைமை என்று. வேலை என்ன ஆகும், பென்ஷன் உண்டா, வடக்கே மாற்றிவிடுவார்களா என்று ஞாயிறு முழுக்க அப்பாவும் அவர் சகாக்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். அம்மா காபி போட்டு மாளவில்லை.

திங்கள் காலை அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ரேடியோவைத் திருகினார், பேங்கு செய்தி ஏதாவது வருமா என்று. வந்தது நிலவுச் செய்தி. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது நம் நேரப்படி காலை 8:26. "சரி, அவன் இறங்கிட்டான். நாம பேங்குக்கு இறங்குவோம்" என்று சைக்கிளை எடுத்தார். அன்று கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் "சந்திரன், 8.30" என்று எழுதி வைத்திருந்தார். வெகுநாள் கழித்து, பேங்கு பாஸ்புக்குகளோடு அது கிடைத்தது. தாளின் முன்பக்கம் கொட்டை எழுத்தில்: 21, திங்கள்.

அமெரிக்காவுக்கு அது ஞாயிறு. நமக்குத் திங்கள். நிலவில் இறங்க இதைவிடப் பொருத்தமான கிழமை உண்டா?

#11 கேள்விக்கணை

ஐயா!!! இது எனக்குத் தோணவே இல்லையே. திங்கள்ல திங்கள்!

#12 உப்புக்காற்று

நான் ஹூஸ்டன்ல இருக்கேன். இங்க உள்ளூர் நேரப்படி அப்ப ஞாயிறு ராத்திரி 9:56. நியூயார்க்ல 10:56. நல்லா தூங்கி எழுந்துட்டு வெளிய இறங்கணும்னுதான் திட்டமே. நிலவுல போய் இறங்கினவங்களுக்குத் தூக்கம் வருமா? முன்னாடியே இறங்குறோம்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. திட்டப்படி தூங்கியிருந்தா எங்க ஹூஸ்டனுக்கும் தேதி 21 ஆகியிருக்கும், ஐயா சொன்ன திங்கள் எங்களுக்கும் பொது ஆகியிருக்கும்.

#13 குறுக்குச்சால்

கிரீன்விச் நேரப்படியும் அது 21-தான், அதிகாலை 2:56. அதாவது உலகக் கணக்குல கோவை சரி, அமெரிக்காதான் ஒரு நாள் பின்னாடி. ஆனா கலம் தரையைத் தொட்டது கிரீன்விச்ல 20-ஆம் தேதி 20:17. கேள்வி "இறங்கிய நாள்"னா ஒரு விடை, "கால் வைத்த நாள்"னா இன்னொரு விடை. வினாத்தாள்ல வினைச்சொல்லைப் பார்த்துப் போடுங்க.

இன்னொண்ணு. வைக்கிங் 1 விண்கலத்தைச் செவ்வாய் கிரகத்துல 1976 ஜூலை 4 அன்னிக்கு இறக்கி, இருநூறாவது ஆண்டுக்குப் பரிசாக் குடுக்கணும்னு நாசாவுக்கு ஆசை. படம் எடுத்துப் பார்த்தா இறங்குற இடம் கரடுமுரடு. தள்ளித் தள்ளி கடைசியில இறங்கினது ஜூலை 20. ஒரு நினைவுநாளைத் தவறவிட்டு இன்னொண்ணுல போய் விழுந்தாங்க.

#14 வடலி

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். ஸ்டார் ட்ரெக் எண்ட டிவித் தொடர் தொடங்கின நாள் 1966 செப்டம்பர் 8 எண்டுதான் உலகம் முழுக்கக் கொண்டாடுகினம். அது என்பிசியில வந்த நாள். இஞ்ச கனடாவில சிடிவி ரெண்டு நாள் முந்தி, செப்டம்பர் 6-ம் திகதியே காட்டிப்போட்டுது. 60-ம் ஆண்டு எண்டு அமெரிக்காவில கேக் வெட்டேக்க நாங்கள் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பம்.

ஐயா சொன்ன கதை எங்கட வீட்டிலயும் இருக்கு. எங்கட அம்மம்மா அண்டைக்கு யாழ்ப்பாணத்தில. அவவுக்கும் அது திங்கக்கிழமை விடியதான், இலங்கை நேரமும் அப்ப இந்திய நேரமும் ஒண்டுதானே. மனுசர் மிதிச்ச நிலவைப் பாத்து இனி என்னெண்டு பிள்ளைக்குச் சோறு தீத்துறது எண்டு கேட்டவவாம்.

#15 மெட்டுக்காரன்

பாட்டு பக்கம் யாரும் வரலையே. நான் வரேன்.

அமெரிக்காவுல "இசை செத்த நாள்"னு ஒரு நாள் இருக்கு, 1959 பிப்ரவரி 3. ராக் பாடகர்கள் பட்டி ஹோலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர்னு பேர் வாங்கின ஜே.பி. ரிச்சர்ட்சன், மூணு பேரும் ஒரே சின்ன விமானத்துல போனாங்க. விமானிக்கு 21 வயசு, ஹோலிக்கு 22, வேலன்ஸுக்கு 17. சாகிற வயசா அது.

முந்தின ராத்திரி அயோவா மாநிலத்துல கிளியர் லேக்ங்கிற ஊர்ல சர்ஃப் பால்ரூம்ல கச்சேரி. நடுக் குளிர்காலம். பஸ்ல ஹீட்டர் வேலை செய்யல. டிரம்ஸ் வாசிச்சவருக்குக் கால் விறைச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. இனி அந்த பஸ்ல ஏற மாட்டேன்னு ஹோலி தனி விமானம் பேசினார். விமானியைத் தவிர மூணு இடம். ஒண்ணு ஹோலிக்கு. ரெண்டாவது அவரோட பேஸ் கிடார்காரர் வேலன் ஜென்னிங்ஸுக்கு, ஆனா ரிச்சர்ட்சனுக்குக் காய்ச்சல்னு அவர் விட்டுக்கொடுத்துட்டார். மூணாவது இடத்துக்கு டாமி ஆல்சப்பும் வேலன்ஸும் காசு சுண்டினாங்க. வேலன்ஸ் ஜெயிச்சார்.

"உன் பஸ் உறைஞ்சு போகட்டும்"னு ஹோலி கேலி பண்ண, "உன் விமானம் விழட்டும்"னு ஜென்னிங்ஸ் பதிலுக்குச் சொல்லியிருக்கார். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்குல கிளம்பின விமானம், சில மைல்ல சோளக்காட்டுல விழுந்துடுச்சு. ஜென்னிங்ஸ் பின்னாடி பெரிய நாட்டுப்புறப் பாடகரா ஆனார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசிவரைக்கும் அவரால இறக்கி வைக்க முடியல.

இப்ப கணை கேட்ட விஷயத்துக்கு வரேன். அந்த நாளுக்கு அந்தப் பேர் அன்னிக்கு வரல. 1971-ல டான் மெக்லீன் பாடின "அமெரிக்கன் பை"லேர்ந்து வந்தது. பன்னண்டு வருஷம் கழிச்சு ஒரு பாட்டு வந்து நாளுக்குப் பேர் வச்சுது. இன்னிக்கும் அதே சர்ஃப் பால்ரூம்ல வருஷா வருஷம் அந்த வாரத்துல கச்சேரி நடக்குது. விமானம் விழுந்த வயலுக்குப் போற வழியில, சாலையோரத்துல, ஹோலி போட்டிருந்த கறுப்பு ஃப்ரேம் கண்ணாடியை ஆளுயரத்துக்குப் பெருசா செஞ்சு நட்டு வச்சிருக்காங்க. விழுந்த இடத்துக்கு அங்கேர்ந்து வயல் ஓரமா நடந்துதான் போகணும்.

#16 கேள்விக்கணை

இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் கேள்வியே எழுதத் தோணல.

#17 மெட்டுக்காரன்

அப்ப உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லித் தேத்துறேன். பாட்டு வீடியோ போடுற எம்டிவி சேனல் தொடங்கினது 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம். ஆபீஸ் இருந்தது மன்ஹாட்டன்ல. ஆனா மன்ஹாட்டன் கேபிள்ல அந்தச் சேனல் வரல! நடத்துறவங்களே ஆத்தைத் தாண்டி நியூஜெர்சி ஃபோர்ட் லீக்கு வந்து, ஒரு ஹோட்டல்ல உட்கார்ந்துதான் தங்களோட சேனலைப் பார்த்தாங்க. முதல்ல காட்டினது என்ன? கொலம்பியா விண்வெளி ஓடத்தோட கவுண்ட்டவுன், அப்பல்லோ 11 கிளம்புற படம், நிலவுல கொடி, கொடியில எம்டிவி சின்னம். நாசா படத்துக்குக் காசு குடுக்க வேண்டியதில்லையே. வீடியோ வந்து ரேடியோ நட்சத்திரத்தைக் கொன்னுடுச்சுன்னு பகிள்ஸ் குழு பாடின பாட்டு அதுக்கப்புறம்தான்.

#18 மட்டுறுத்துநர்

இழை நல்லாப் போகுது. ஃபோர்ட் லீல இப்ப எந்த ஹோட்டல்ல பிரியாணி நல்லாருக்குங்கிற மூணு பதிவுகளை வேற இழைக்கு மாத்தியிருக்கேன்.

#19 பந்துவீச்சு

விளையாட்டுக்கு ஒண்ணு. முதல் சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தோட இறுதியாட்டம்), 1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சல்ஸ். கிரீன் பே 35, கன்சாஸ் சிட்டி 10. சிபிஎஸ், என்பிசி ரெண்டுமே ஒளிபரப்பின ஆட்டம். ரெண்டாவது பாதி ஆரம்பிச்சப்ப என்பிசி இன்னும் விளம்பரத்துலேர்ந்தே திரும்பல. அதனால ஆரம்ப உதையை இன்னொரு தடவை உதைக்க வச்சாங்க. நம்ம ஊர்ல விளம்பரம் போடறதுக்குள்ள விக்கெட் விழுந்துடும், அங்க விக்கெட்டையே திரும்ப விழ வச்சிருக்காங்க. இவ்வளவு பாடுபட்டுக் காட்டின ஆட்டத்தோட டேப்பை ரெண்டு சேனலும் பத்திரப்படுத்தி வைக்கல.

#20 உப்புக்காற்று

கணை தம்பி, குறுக்குச்சால் தம்பி சொன்ன "காகிதத்துல இருக்கிற தேதிதான் ஜெயிக்கும்"ங்கிறதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். நான் இருக்கிற டெக்சாஸ்லயே அதுக்கு எதிரா ஒரு நாள் இருக்கு.

லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1. காகிதத்துல அதுதான் தேதி. உள்நாட்டுப் போர்ல தென் மாநிலப் படையோட தளபதி லீ சரணடைஞ்சது 1865 ஏப்ரல் 9. டெக்சாஸ்ல அப்பவும் அடிமைகள் அடிமைகளாத்தான் வேலை பார்த்தாங்க. ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் படையோட கால்வெஸ்டன் துறைமுகத்துல வந்து, எல்லா அடிமைகளும் விடுதலைன்னு ஆணை வாசிச்சது 1865 ஜூன் 19. ரெண்டரை வருஷத் தாமதம்! அந்த ஜனங்க கொண்டாட எடுத்துக்கிட்டது ஜனவரி 1-ஐ இல்ல, சேதி வந்து சேர்ந்த ஜூன் 19-ஐ. மாசத்தையும் தேதியையும் ஒட்டவச்சு ஜூன்டீந்த்னு பேரும் வச்சாங்க. டெக்சாஸ்ல 1980-லேர்ந்து அரசு விடுமுறை. நாடு முழுக்க 2021-லதான் வந்தது. ஓபல் லீன்னு ஒரு அம்மா, தொண்ணூறை நெருங்கின வயசுல, இதுக்காக ஃபோர்ட் வொர்த்லேர்ந்து வாஷிங்டனை நோக்கி நடக்க ஆரம்பிச்சாங்க.

நாங்க ஒரு ஜூன் மாசம் கால்வெஸ்டன் போயிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எம் பொண்ணு கேட்டா, "சேதி தெரியாத அந்த ரெண்டரை வருஷம் அவங்களுக்கு யாரு கூலி குடுத்தா?" என்கிட்ட பதில் இல்ல.

#21 குறுக்குச்சால்

அக்கா சொன்னதை ஏத்துக்கிறேன், என் வாதத்துல ஓட்டை விழுந்தாச்சு. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். ஜூன் 19-லயும் நாட்டுல அடிமைமுறை ஒழியல. பிரகடனம் கிளர்ச்சி செஞ்ச பகுதிகளுக்கு மட்டும்தான். ஒன்றியத்தோடயே இருந்த கென்டக்கி, டெலவேர் மாநிலங்கள்ல அடிமைகள் அப்பவும் இருந்தாங்க. அடிமைமுறையை ஒழிச்ச, அரசியல் சட்டத்தோட 13-ஆவது திருத்தம் 1865 டிசம்பர் 6-ல உறுதியான பிறகுதான் அங்க முடிவுக்கு வந்தது. அந்த டிசம்பர் 6-ஐ யாரு கொண்டாடுறா?

#22 ஓய்வூதியர்_கோவை

முதல் அதிபர் வாஷிங்டன் பிறந்தநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது இருந்த காலண்டர்படி தேதி 1731 பிப்ரவரி 11. 1752-இல் பிரிட்டன் காலண்டரை மாற்றியபோது 11 நாள் தள்ளி, ஆண்டுத் தொடக்கத்தையும் மார்ச் 25-இலிருந்து ஜனவரி 1-க்குக் கொண்டுவந்தார்கள். மனிதர் 1732 பிப்ரவரி 22-இல் பிறந்தவர் ஆகிவிட்டார். பிறகு 1971 முதல் விடுமுறையைப் பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை என்று வைத்தார்கள். மூன்றாம் திங்கள் 15-க்கும் 21-க்கும் நடுவில்தான் வரும். ஆகவே வாஷிங்டன் பிறந்தநாள் விடுமுறை வாஷிங்டன் பிறந்தநாளில் வரவே வராது.

எங்கள் வீட்டில் எனக்கு நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று, சர்டிபிகேட் பிறந்தநாள் ஒன்று. ஓய்வுபெற்றது சர்டிபிகேட் கணக்கில். பாயசம் நட்சத்திரக் கணக்கில். வாஷிங்டன் நிலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

#23 கேள்விக்கணை

எல்லாருக்கும் நன்றி. நேத்து வினாடி வினா முடிஞ்சது. முதல் கேள்வியை மாத்திட்டேன்: "ஜூலை 2, ஜூலை 4, ஆகஸ்ட் 2. 1776-இல் இந்த மூன்று நாள்களிலும் என்ன நடந்தது?" அந்தப் பொண்ணு மூணும் சொல்லிடுச்சு. பையன் ஒருத்தன் ஆகஸ்ட் 2-க்கு "அங்கிள் முதல் தடவை தப்பாச் சொன்னாரே, அது"ன்னான். அவனுக்கும் அரை மார்க் போட்டேன்.

நாலாவது கேள்வி: "ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் ஞாயிறு. கோவையில் என்ன கிழமை, ஏன் அது பொருத்தம்?" கிழமையை ஆறு பேர் சொன்னாங்க. "ஏன்"ங்கிறதை யாரும் சொல்லல. பலகையில "திங்கள்"னு பெருசா எழுதி, பக்கத்துல ஒரு பிறை வரைஞ்சேன். ரெண்டு செகண்டு அமைதி. அப்புறம் கடைசி வரிசையிலேர்ந்து "ஓஓஓ"ன்னு ஒரு சத்தம்.

#24 குறுக்குச்சால்

ஆங்கிலத்துலயும் திங்கட்கிழமைக்கு நிலவுப் பேர்தான்னு அந்தப் பொண்ணு சொல்லலையா?

#25 கேள்விக்கணை

சொல்லிச்சு. வீட்டுக்குப் போறப்ப, கார்ல ஏறிக்கிட்டே.

#26 வடலி

தம்பி, அடுத்த முறை அந்தப் பிள்ளையிட்டயே வினாத்தாளைக் குடுத்துவிடுங்கோ.